பழவேற்காடு ஏரிப் படகுகள்: கட்டியவர்களும் காப்பாற்றியவர்களும்

நம் வரலாற்றுப் புத்தகத்தில் கப்பல் என்று வந்தாலே ஒன்று யாரோ அதைக் கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் அது போரில் மூழ்கியிருக்கும். ராஜேந்திர சோழன் கடல் கடந்து போனான். போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். அந்தக் கப்பல்களின் அடிப்பலகையை யார் சுரண்டினார்கள், ஓட்டையை எதை வைத்து அடைத்தார்கள், மழைக்காலத்தில் எங்கே நிறுத்தி வைத்தார்கள் என்று ஒரு வரி கூட இருக்காது. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்பதால் நாமும் யோசிப்பதில்லை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மரத்தில் செய்த படகு தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்தே கெட்டுப்போக ஆரம்பித்துவிடுகிறது. அதைத் தினமும் யாராவது காப்பாற்றிக்கொண்டே இருந்தால்தான் அது படகு. விட்டுவிட்டால் வெறும் விறகு. அந்தக் காப்பாற்றும் வேலையின் வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன். இடம்: நம் பழவேற்காடு ஏரி.

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு "செக்போஸ்ட்" என்று சொன்னால்தான் தெரியும். லாரிகள் வரிசையாக நிற்கும் இடம். அங்கிருந்து கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் ஏரிக்கரையும் மீனவர் குப்பங்களும் வந்துவிடும். தெற்கே ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் பழவேற்காடு ஊர். கிழக்கே ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆமாம், ராக்கெட் விடுகிறார்களே, அதே தீவுதான்.

ஒரிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். ஆழம் மிகக் குறைவு, சராசரியாக ஒரு மீட்டர்தான். இந்த ஏரியில் படகு வைத்துப் பிழைப்பவருக்கு எத்தனை எதிரிகள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

நான்கு எதிரிகள்

முதல் எதிரி வெயில். சித்திரை, வைகாசி மாதங்களில் கரையில் கிடக்கும் பலகை சுருங்கி, மூட்டுகளில் வாய் பிளந்துவிடும்.

இரண்டாவது எதிரி மழை. கடல் தண்ணீர்தான் மரத்தைக் கெடுக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது, நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். படகுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர், வெளியே நிற்கும் உப்புத் தண்ணீரை விட மோசம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சும்மா நிறுத்தி வைத்த படகு, ஓடிக்கொண்டிருந்த படகை விடச் சீக்கிரம் மக்கிப்போவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் இது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஊசி முனை அளவு துளை போட்டு மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, விரல் தடிமனுக்குச் சுரங்கம் தோண்டும். வெளியே இருந்து பார்த்தால் பலகை நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் காலை ஊன்றி மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இதோடு பாசியும், கொட்டலசு என்று சொல்லும் ஒட்டுயிரிகளும் அடியில் படிந்து வேகத்தைக் குறைக்கும்.

நான்காவது எதிரி மணல். ஆழம் இல்லாத ஏரியில் படகின் அடி தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். கடற்கரையிலோ தினமும் மணலில் இழுத்துத்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும்.

இந்த ஏரிக்கு ஒரு விசேஷமும் உண்டு. கோடையில் தண்ணீர் ஆவியாகி, கடலை விட அதிகமாக உப்புக் கரிக்கும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கி ஆறும் கொண்டு வரும் வெள்ளத்தில் ஏறக்குறைய நல்ல தண்ணீர் ஆகிவிடும். கப்பல் புழுவுக்கு உப்பு வேண்டும் என்பதால் வெள்ளம் வந்தால் அதற்குக் கஷ்டகாலம். ஆனால் அது லேசுப்பட்டது இல்லை. நுழைந்த துளையை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டு, நிலைமை சரியாகும் வரை சில வாரங்கள் கூடத் தாக்குப்பிடிக்கும். எனவே ஏரி தானாகவே படகைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பி யாரும் சும்மா இருக்க முடியாது.

காய வைக்க வேண்டிய படகு

ஏரிக்கு வெளியே கடலில் ஓடியது கட்டுமரம். கட்டிய மரம், அதனால் கட்டுமரம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் "கேட்டமரான்" என்று போய்ச் சேர்ந்த நம் சொல் இதுதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697ல் வெளியான தன் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையில் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டார். இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் கொண்ட நவீனப் படகுகளை அந்தப் பெயரில் அழைக்கிறார்கள். அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிரச் சம்பந்தம் மிகக் குறைவு.

மலைவேம்பு, பீலிவாகை போன்ற எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். ஆணி கிடையாது. உள்ளே தண்ணீர் நுழைவதற்கு "உள்ளே" என்று ஓர் இடமே கிடையாது! அலை மேலே ஏறினால் இடுக்கு வழியே தானாக வடிந்துவிடும். ஓட்டை அடைக்கும் வேலை, தண்ணீர் இறைக்கும் வேலை இரண்டும் இல்லை.

ஆனால் எடை குறைந்த மரம் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச கனம் ஏறி, மிதக்கும் சக்தி குறையும். இதற்கு நம் கரையோர மக்கள் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கி மணல் மேட்டில் போட்டுக் காய வைத்துவிடுவார்கள். போகும்போது மறுபடி கட்டுவார்கள்.

இதில் எத்தனை காரியம் ஒன்றாக நடக்கிறது பாருங்கள். மரம் காய்கிறது. உள்ளே நுழைந்த புழுக்குஞ்சு வெயிலில் சாகிறது. பாசி உதிர்கிறது. நைந்துபோன கயிறு தினமும் கண்ணில் படுகிறது, மாற்றிவிடலாம். ஒரு மரம் கெட்டுப்போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மொத்தப் படகையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. முழுப் படகைத் தூக்கப் பத்துப் பேர் தேவைப்படும் இடத்தில், இரண்டு பேரே முறை வைத்துத் தூக்கி முடித்துவிடலாம்.

"கட்டுமரம் பழங்கால மனிதனின் எளிய தெப்பம்" என்று சில புத்தகங்களில் கொஞ்சம் ஏளனமாக எழுதியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பராமரிப்பு வேலையைத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிச் செய்யத் தேவையில்லாதபடி, படகின் அமைப்புக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். தொழில் முடிந்து வீட்டுக்குப் போவதே பராமரிப்பு!

காயவிடக் கூடாத படகு

ஏரிக்குள் கதை நேர் எதிர். அங்கே பலகைப் படகு. ஆழமில்லாத தண்ணீருக்கு ஏற்றபடி தட்டையான அடி, ஒரு பாய்மரம், தள்ளிப் போக ஒரு நீளக் கழி. கட்டுமரத்தைப் போல இதையும் நாள் கணக்கில் வெயிலில் போட்டால் அவ்வளவுதான்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள மூட்டுதான் இந்தப் படகின் உயிர். மரம் ஊறும்போது அகலவாக்கில் உப்பி ஒன்றையொன்று நெருக்கும், மூட்டு இறுகும். காய்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். எனவே பலகைப் படகு தண்ணீரிலேயே இருப்பது நல்லது. ஆனால் தண்ணீரிலேயே இருந்தால் புழு! இந்த இரண்டுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடப்பது போன்றதுதான் இந்தப் படகை வைத்திருப்பவரின் வாழ்க்கை. கரையேற்றிச் சுரண்ட வேண்டும். ஆனால் அதிக நாள் விடக்கூடாது. வெயில் படாமல் ஓலை போட வேண்டும். ஆனால் காற்று போக வேண்டும். மழைத்தண்ணீர் தேங்காமல் சாய்த்து வைக்க வேண்டும். வெகுநாள் காய்ந்த படகை இறக்கும்போது முதலில் ஒழுகத்தான் செய்யும். தண்ணீரில் ஊறப்போட்டு, பலகை உப்பும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அப்போதே பஞ்சைத் திணித்து இறுக்கி அடைத்தால், பிறகு பலகை உப்ப இடமில்லாமல் மூட்டே பிதுங்கிவிடும்.

மூட்டை அடைக்கும் வேலைக்குத் தமிழில் ஓர் அருமையான சொல் உண்டு: கலப்பத்து. இது போர்த்துகீசிய மொழியின் "கலஃபாத்தே" என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்னே அரபு வேர் ஒன்று இருக்கிறது என்கிறார்கள். வடக்கே கப்பல் தொழிலாளர் பேச்சில் இதே சொல் "கலபத்தி" ஆனது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள் என்று படித்திருக்கிறோம். அதே கூட்டத்தில் கலப்பத்தும் ஒன்று.

சொல்தான் வந்ததே தவிர, வேலை அதற்கு முன்பே இங்கே இருந்தது. பஞ்சையோ தேங்காய் நாரையோ எண்ணெயில் தோய்த்து, மழுங்கிய உளியால் மூட்டில் அடித்து இறக்குவார்கள். அதன் மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். புன்னை எண்ணெய் இதற்குப் பேர் போனது. அடிப்பலகைக்கு மீன் எண்ணெய், சுறா ஈரல் எண்ணெய். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் மரத்துக்கு அது கவசம்.

சுண்ணாம்புக்கும் இதில் பங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைப்பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, இந்தியக் கடல்களுக்கு வந்த பெரிய வணிகக் கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களிடம் தார் கிடையாது. சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பூசுகிறார்கள், அது பசை போல் பிடித்துக்கொள்கிறது என்கிறார். கப்பல் பழசானால் பழைய பலகையின் மேலேயே புதுப் பலகையை அடிப்பார்களாம். இப்படி ஆறு அடுக்கு வரை போகுமாம்! நம் ஏரியின் அடியில் செத்த சிப்பி ஓடுகள் ஏராளமாகப் படிந்திருக்கின்றன. அவற்றை வாரிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவது இந்தப் பகுதியின் பழைய தொழில்களில் ஒன்று.

பாயும் கயிறும்

பாய்மரப் படகுக்கு எஞ்சின் என்பது பாய்தான். பருத்தித் துணிப் பாய்க்குப் பெரிய எதிரி ஈரத்தோடு சுருட்டி வைப்பது. ஒரு வாரம் அப்படி மூலையில் கிடந்தால் கரும்புள்ளி விழுந்து, அடுத்த காற்றுக்குக் கிழியும். எனவே கரைக்கு வந்ததும் விரித்துக் காய வைக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஓடும்போது அதே பாயின் மேல் கட்டுமரக்காரர்கள் தண்ணீரை வாரி அடிப்பார்கள். பருத்தி நூல் ஈரத்தில் உப்பி, நெசவின் கண் அடைபட்டு, காற்று வீணாகாமல் பாய் இழுக்கும். ஓடும்போது நனை, நிறுத்தும்போது காய வை. மேலே படகுக்குச் சொன்ன இரண்டு விதிகளும் பாய்க்கு ஒன்றாகவே பொருந்துகின்றன.

துணி மக்காமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் ஊற வைப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து பூஞ்சையைத் தடுக்கும். பழைய படங்களில் ஐரோப்பிய மீன்பிடிப் படகுகளின் பாய் செங்காவி நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பாய்க்கும் வலைக்கும் அந்த நிறத்தைக் கொடுத்ததில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறிய காசுக்கட்டிக்குப் பங்கு உண்டு. ஆமாம், நம் பாட்டி வெற்றிலையோடு போட்டுக்கொள்ளும் காசுக்கட்டியேதான்! :-)

கோட்டை கட்டியவர்களும் புழுவும்

இப்போது பெரிய கப்பல்களுக்கு வருவோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கால் ஊன்றியது. 1612ல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து பண்டகசாலையைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையகம் இதுதான். பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது.

இத்தனை பெரிய தலைமையகத்தில் ஒரு பெரிய குறை. கப்பல் நிறுத்தத் துறைமுகம் கிடையாது! ஏரியின் வாய் ஆழமில்லாதது, மணல் மேடு வேறு. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கும் ஆளும் உள்ளூர்ப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது நடக்காத காரியம்.

அந்தக் காலத்தில் கப்பலின் அடியைச் சுத்தம் செய்ய, பாய்மரத்தில் கயிறு கட்டி இழுத்துக் கப்பலையே ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். வெளியே தெரியும் அடிப்பகுதியில் நாணலைக் கொளுத்திப் பாசியையும் புழுவையும் பொசுக்கி, சுரண்டி, தார் பூசி, பிறகு மறுபக்கம் சாய்ப்பார்கள். இதற்கு அமைதியான தண்ணீர் வேண்டும். எனவே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 17ஆம் நூற்றாண்டில் வடக்கே கோதாவரி முகத்துவாரத்து நரசாப்பூர் பக்கம் போனார்கள். அங்கே நல்ல மரமும் தச்சர்களும் உண்டு. டச்சுக்காரரின் பெரிய பழுதுபார்க்கும் தளமோ பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அருகே ஓன்ரஸ்ட் தீவில் இருந்தது. டச்சு மொழியில் அந்தப் பெயருக்கு "ஓய்வின்மை" என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

1770ல் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதிய கேப்டன் குக்கின் "எண்டெவர்" கப்பலையும் அந்தத் தீவில்தான் சாய்த்துப் பார்த்தார்கள். சில பலகைகளில் மிஞ்சியிருந்தது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். அந்தக் கனத்தில்தான் அத்தனை பேரும் கடல் கடந்து வந்திருக்கிறார்கள்! பழுது பார்க்கக் காத்திருந்த வாரங்களில் பிடித்த காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அங்கேயும், கிளம்பிய பின் நடுக்கடலிலும் பல மாலுமிகளைக் கொன்றன. பராமரிப்பு என்றால் உயிர் விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

புழுவைத் தடுக்க டச்சுக்காரர்கள் அடிப்பலகையின் மேல் விலங்கு ரோமமும் தாரும் பூசி, அதன் மேல் பைன் மரத்தில் மெல்லிய பலகை அடித்தார்கள். புழு அதைத் தின்றுகொண்டிருக்கட்டும், உள்ளே வர வேண்டாம் என்று ஒரு பலியாடு! அதன் மேல் பெரிய தலை ஆணிகளை நெருக்கமாக அடித்து, துரு பரவி ஒரு கவசமாகும்படி விட்டார்கள். ஆங்கிலேயக் கடற்படை 1761ல் "அலார்ம்" என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு பொருத்திப் பார்த்தது. புழு போயிற்று. ஆனால் சுமார் இரண்டு வருடத்தில், செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தவறுதலாக ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணி பத்திரமாக இருந்தது. இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாம் வேதியியல் லேபில் படிப்பதை அவர்கள் கப்பலை வைத்துப் படித்தார்கள்.

நம் கரையில் அதற்குப் பல காலம் முன்பே வேறு விடை இருந்தது. ஆணியே வேண்டாம்! சென்னைக் கரையில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடிய மசூலா படகில் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். மூட்டின் மேல் வைக்கோலோ நாரோ வைத்து, அதோடு சேர்த்துத் தையல். உள்ளே குறுக்குச் சட்டம் கிடையாது. அலை அடித்துத் தரையில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஒழுகும்தான், ஒருவர் இறைத்துக்கொண்டே வருவார். தையல் நைந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். 1861ல் சென்னையில் கப்பல் பாலம் வந்தது. 1875ல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. அதன் பிறகு மசூலாவின் காலம் மெல்ல முடிந்தது. 2025ல் நம் கடற்படையில் சேர்ந்த "கௌண்டின்யா" என்ற பாய்மரக் கப்பல், இதே போலத் தைத்துக் கட்டப்பட்டது என்பது சந்தோஷமான செய்தி.

கப்பல்களைப் பருவமழைக்கு ஒதுக்கி வைப்பதும் நம் கரையில் சட்டம் போலவே இருந்தது. சென்னையில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க வேண்டாம் என்று கொடியை இறக்கிவிடுவார்கள். பெரியவர்கள் கப்பலை எடுத்துக்கொண்டு வேறு துறைக்குப் போகலாம். குப்பத்து மீனவர் எங்கே போவார்? மரங்களை அவிழ்த்து மேட்டில் அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்.

பராமரிக்காத கால்வாய்

படகு மட்டும் இல்லை, படகு போகும் வழிக்கும் பராமரிப்பு வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாய் நல்ல உதாரணம். 1806ல் பாசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே வெட்டியது, பிறகு வடக்கே பழவேற்காடு ஏரி வழியாக நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி மக்களைக் கொண்டு சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரை வைத்தார்கள். மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர்.

ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகு, உப்பு, நெல் எல்லாம் இதில்தான் வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் ஆள் நடந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஒரு காலத்தில் சென்னை நகரத்தின் அடுப்பு எரிந்ததில் இந்த ஏரிப் படகுகளுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது. வருமானம் குறைந்ததும் தூர்வாரும் செலவு கணக்கில் உறுத்த ஆரம்பித்தது. 1965-66லும் 1976லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பிறகு அதைச் சரியாகச் சீர் செய்யவே இல்லை. 2008ல் இதைத் தேசிய நீர்வழி 4ல் சேர்த்து அறிவித்தார்கள். அறிவிப்பு தூர் வாருமா என்ன? இத்தனைக்கும் பட்டினி கிடந்த மக்களின் உழைப்பால் ஆனது அது. கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் வரும். வருடா வருடம் சேறு வாரியவர் பெயர் எங்கேயும் வராது. அவர் நின்றுவிட்டால்தான் தெரியும்.

ஃபைபர் வந்த பிறகு

சுதந்திரத்துக்குப் பிறகு பல முயற்சிகள் நடந்தன. 1957ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், கட்டுமரத்துக்கு மருந்தேற்றிப் புழுவைத் தடுப்பது பற்றி ஆராய்ந்தது. 1979ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையில் கரையேறக்கூடிய புதிய படகுகளை உருவாக்கிப் பார்த்தது. ஆனால் மொத்தமாக மாற்றியது 2004 டிசம்பர் 26. சுனாமியில் கட்டுமரங்களும் படகுகளும் போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள்.

ஃபைபரின் நன்மைகளை மறைக்கக் கூடாது. புழு தின்னாது. மக்காது. ஊறிக் கனக்காது. தினமும் அவிழ்த்துக் காய வைக்கத் தேவையில்லை. மோட்டார் வைத்தால் தூரம் போகலாம். தோளில் மரம் சுமந்து முதுகு உடைந்த தலைமுறையிடம் போய், பழையதுதான் நல்லது என்று நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்வது அழகில்லை.

ஆனால் பராமரிப்பு போய்விடவில்லை. ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். மணலில் இழுக்க இழுக்க ஃபைபரின் அடி தேய்ந்து நார் வெளியே வரும். வெயிலில் மேல்பூச்சு வெளுத்து வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே ஊறினால் கொப்புளம் போடும். இதைச் சரிசெய்ய உப்பைக் கழுவிக் காய வைத்து, தேய்த்து, மேட் வைத்து, ரெசினோடு ஹார்டனர் கலந்து ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் ஒரே மாதத்தில் பிரிந்து வரும். புன்னை எண்ணெயும் நாரும் ஊரிலேயே கிடைத்தன. ரெசினைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கையில் காசு இல்லை என்றால் கடன், இல்லை என்றால் மீன் வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். படகின் அடியில் ஒரு சாண் வெடிப்பு, வீட்டில் ஒரு வருடக் கடனாக மாறுவது இப்படித்தான். இன்னொன்று: மரப் படகு செத்தால் விறகு, இல்லை என்றால் மண். ஃபைபர் படகு செத்தால் எரிக்கவும் முடியாது, மக்கவும் செய்யாது, கரையிலேயே கிடக்கும்.

பழைய காய வைக்கும் காலத்துக்கு ஒரு புதிய வாரிசும் வந்திருக்கிறது. 2001 முதல் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று போட்ட தடை, படகுகளுக்கும் ஓய்வுக்காலம் ஆகிவிட்டது. காசிமேட்டில் அந்த மாதங்களில் போய்ப் பாருங்கள்: சுரண்டுகிறவர், பெயிண்ட் அடிக்கிறவர், வலை பின்னுகிறவர், வெல்டிங் பொறி. ஆனால் வருமானம் நின்றிருக்கும் அதே இரண்டு மாதத்தில்தான் பழுதுச் செலவும் வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

முடிவாக

இந்த ஏரியின் ஐந்நூறு வருடத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எது பெரியது, எது வலுவானது என்பதை வைத்து எதுவும் இங்கே நிலைக்கவில்லை. கெல்டிரியா கோட்டை இன்று மண்மேடு. கால்வாய் தூர்ந்துவிட்டது. அலையோடு நூற்றாண்டுகளாகத் தாக்குப்பிடித்தது இரண்டு பேர் தோளில் தூக்கக்கூடிய மரமும், அவிழ்த்துக் கட்டக்கூடிய கயிறும். அதை வைத்திருந்தவரே, தன் கையாலேயே, தன் ஊரில் கிடைத்ததை வைத்தே சரிசெய்ய முடிந்தது என்பதால்தான் அது நிலைத்தது.

ஆகவே மீனவர்களுக்குப் படகு கொடுக்கிறோம் என்று அரசோ தொண்டு நிறுவனமோ சொன்னால், "பழுதானால் யார் சரி செய்வார்கள், எந்தப் பொருளால், யார் காசில்?" என்று கேட்க வேண்டும். குப்பத்துப் பிள்ளைகளுக்கே ஃபைபர் வேலை கற்றுக்கொடுத்து, ரெசினைக் கூட்டுறவுச் சங்கம் மூலம் நியாய விலைக்குக் கொடுத்தால், பழைய கலப்பத்து வேலைக்கு இருந்த மதிப்பு புதுப் படகுக்கும் வரும் என்று நினைக்கிறேன். படகு கொடுக்கும்போது எடுக்கும் போட்டோவில் இது வராதுதான். ஆனால் பத்து வருடம் கழித்து அந்தப் படகு ஓடுகிறதா, கரையில் கிடக்கிறதா என்பதை முடிவு செய்வது இதுதான்.

கலப்பத்து, பருமல், அணியம், சுக்கான்... இப்படிப்பட்ட சொற்கள் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள் நண்பர்களே. அந்த வேலை தெரிந்தவரோடு சேர்ந்தே சொல்லும் போய்விடும். உங்கள் பக்கத்துப் படகுகளுக்கு என்ன எண்ணெய் பூசினார்கள் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.